ஐயாவின் வின்செஸ்டரும் நான் கொடுத்துவிட்ட சாவேஜும்

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பூர்வீக வீட்டைப் பங்கு பிரிக்கும்போது பெட்டகத்தில் ஐயா காலத்துத் துப்பாக்கி ஒன்று கிடைத்தது. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு லீவர். குழலில் 44 டபிள்யூ.சி.எஃப். என்று அடித்திருக்கிறது. நீங்கள் இந்த ரகத் துப்பாக்கிகளை வெகுகாலம் வைத்திருந்தவர் என்றார்கள். எதையெல்லாம் வைத்திருந்தீர்கள், எதை விட்டீர்கள்? இதை நான் வைத்துக்கொள்ளலாமா? விற்றால் என்ன விலை போகும்?"

தம்பி, இதைப் படித்து முடிக்கிறவரைக்கும் அந்த லீவரைத் தொடாதீர்கள். காரணம் கீழே வருகிறது. எங்கள் வீட்டு முகப்புத் தூணில் அதற்கு அத்தாட்சி இன்னும் இருக்கிறது.

44 டபிள்யூ.சி.எஃப். என்றால் வின்செஸ்டர் சென்டர் ஃபயர். பேச்சுவழக்கில் நாற்பத்துநாலு-நாற்பது. 1873-ல் வின்செஸ்டர் கம்பெனி அதே வருட மாடல் துப்பாக்கியோடு கொண்டுவந்த தோட்டா அது. அந்த நாளில் நாற்பது கிரெய்ன் எடை கரிமருந்து போட்டு அடைத்தார்கள். பிறகு ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892 மாடலும் அதையே சுட்டது. உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க எதையும் அசைக்க வேண்டாம். உடலின் பக்கவாட்டில் கழற்றுகிற மாதிரிப் பெரிய தகடும், மேலே வழுக்கிப் போகும் தூசி மூடியும் இருந்தால் 1873. இரண்டும் இல்லாமல் மொழுமொழுவென்று ஒரே இரும்பாக இருந்தால் 1892. இரண்டில் பலசாலி பின்னதுதான். முட்டியை மடக்கி நிமிர்த்துகிற மாதிரியான மூட்டை நம்பித்தான் 73 பூட்டும். 92-ல் இரண்டு கட்டைகள் செங்குத்தாக எழும்பி, குழலின் பின்வாயை அடைக்கிற போல்ட்டின் இரு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும். எழுபதுகளில் ஜெய்சங்கர் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் வந்த படங்களில் பார்த்த துப்பாக்கிக்கு அண்ணன் தம்பி உறவு இது. வெள்ளைக்காரர்கள் எடுத்த கௌபாய் படங்களிலும் 1870களில் நடக்கிற கதைக்கு 1892 துப்பாக்கியைக் கொடுத்துவிடுவார்கள். யாரும் கண்டுகொள்வதில்லை.

எங்கள் வீட்டில் இருப்பதும் 92தான். ஐயா, அதாவது என் தாத்தா, பர்மாவில் பெகு என்ற ஊருக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போனவர். பெட்டியடிப் பையனாக, அதாவது கடை எடுபிடியாகப் போய், பிறகு உதவியாளான அடுத்தாளாகி, கடையைத் தன் பேரில் நடத்தும் அளவுக்கு வந்தார். 1930 டிசம்பரில் தராவடிப் பக்கம் சாயா சான் என்பவர் தலைமையில் குடியானவர்கள் கலகம் வெடித்தது. நெல் விலை பாதாளத்துக்குப் போய், கடனைக் கட்ட முடியாத குடியானவன் நிலத்தைச் செட்டியாரிடம் இழந்துகொண்டிருந்த காலம். கோபம் யார் மேல் திரும்பும் என்று ஐயாவுக்குத் தெரிந்திருக்கிறது. மறு வருடம் ரங்கூனில் இந்தத் துப்பாக்கியை வாங்கினார். 1937 வரைக்கும் பர்மா இந்தியாவோடுதான் இருந்தது, 1878 ஆயுதச் சட்டம்தான் அங்கேயும். ஐயா அங்கே ஒரு தோட்டாகூடச் சுட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கடைக்குள் சுவரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி மாட்டியிருந்தாராம், அவ்வளவுதான். 1939-ல் கப்பலேறியபோது தேக்கு வந்தது, கண்ணாடி வந்தது, இதுவும் வந்தது.

கார்பைன் என்கிற குட்டைக் குழல் ரகம். குழல் இருபது அங்குலம். இடது பக்கம் குதிரைச் சேணத்தில் மாட்டுவதற்கு ஒரு வளையம் தொங்கும். எடுக்கும்போதெல்லாம் கிலிங் கிலிங் என்று சத்தம் போடும். பெகுவில் ஏது குதிரை, பள்ளத்தூர்ப் பக்கம் ஏது குதிரை? ஐயா பழைய வேட்டிக் கரையைக் கிழித்து வளையத்தைச் சுற்றிவைத்தார். அந்தத் துணி வியர்வையையும் மழையையும் குடித்துக் குடித்து அடியில் இருந்த இரும்பை அரித்துவிட்டது. இன்றைக்கும் அந்த இடத்தில் எட்டணா அகலத்துக்கு ஒரு குழி.

லீவரைக் கீழே தள்ளினால் என்னென்ன நடக்கிறது என்று அப்பச்சிதான் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) எனக்குக் காட்டினார். போல்ட் பின்னால் வந்து, குதிரை என்று சொல்கிற சுத்தியலை மடக்கிவைக்கும். சுட்ட பித்தளைக் கூட்டை நகத்தால் பிடித்து இழுத்து மேல்பக்கமாகத் தூக்கி எறியும். குழலுக்கு அடியில் இருக்கிற குழாயிலிருந்து வந்து காத்திருக்கும் அடுத்த தோட்டாவை ஒரு தட்டு மேலே ஏந்தும். லீவரை மேலே இழுத்தால் அது குழலின் பின்முனையில் இருக்கிற அறைக்குள் போய் உட்காரும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே எல்லாம் ஒரே வீச்சில் முடிந்துவிடும். நன்றாகத் தேய்ந்த 92-ன் லீவர், எண்ணெய் போட்ட ஊஞ்சல் கொண்டி மாதிரி. அந்தச் சுகத்துக்காகத்தான் இந்த ரகத்திலேயே விழுந்து கிடந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனித் தூண் கதை. 1978, சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். எனக்குப் பதினேழு வயது. வருடா வருடம் அன்றைக்குத் துப்பாக்கியை வெளியே எடுத்துத் துடைத்து, மறுநாள் அரிவாள்மனை, தராசு, கணக்குப் புத்தகத்தோடு பூஜையில் வைப்பது வழக்கம். 92-ல் தோட்டாவை வெளியே எடுக்க வேறு வழி கிடையாது. ஒவ்வொன்றையும் லீவரை ஆட்டி, அறை வழியாகவே ஓட்டி வெளியே தள்ள வேண்டும். நான் ஆட்டினேன். ஐந்து வந்தது. இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டினேன், ஒன்றும் வரவில்லை. காலி என்று நினைத்துத் துப்பாக்கியை நிமிர்த்தி, தோளில் வைக்கிற மரக்கட்டையின் அடிப்பாகத்தை ஆத்தங்குடிக் கல்லில் 'டக்' என்று ஊன்றினேன்.

எங்கள் வீட்டில் அதற்கு வருடக்கணக்காகப் போட்டுவந்தது நல்லெண்ணெய். எள்ளெண்ணெய் இரும்பில் தங்கினால் நாளடைவில் காய்ந்து பிசினாகிவிடும். அடிக்குழாய்க்குள் ஸ்பிரிங்கும் தள்ளுகிற மூடியும் அந்தப் பிசினில் ஒட்டி, ஆறாவது தோட்டா நடுவழியில் நின்றிருந்தது. ஊன்றின அதிர்ச்சியில் வழுக்கி வந்து தட்டில் உட்கார்ந்தது. எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. லீவரின் சுகத்துக்காக இன்னொரு தடவை ஆட்டினேன், கண் வேறெங்கோ. அந்த ஆட்டில் அது அறைக்குள் போய்விட்டது. 92-ல் தனியாக ஒரு பாதுகாப்புப் பூட்டு கிடையாது. மடங்கி நிற்கிற குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்லப் பாதிவரைக்கும் இறக்க வேண்டும். விரலில் எண்ணெய். வழுக்கிவிட்டது.

வீட்டுக்குள் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. வளவு முழுக்கப் புறா கிளம்பியது. குண்டு இரண்டாவது தூணில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. பர்மா தேக்கு விழுங்கிவிட்டது. நான் அழுதுகொண்டு நிற்கிறேன், அப்பச்சி பேசவே இல்லை, அப்பத்தா அடுப்படியிலிருந்து வந்து தூணைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பர்மாவுல இருந்து வந்த மரத்துக்குள்ள பர்மாவுல இருந்து வந்த குண்டு போயிருக்கு. நீ ஏண்டா அழுவுறே, போய் மூஞ்சியக் கழுவு."

சாப்பாடு ஆன பிறகு அப்பச்சி ஒரு மண்ணெண்ணெய் டப்பாவை என் முன்னால் வைத்தார். அடிக்குழாயைக் கழற்றி, பிசின் போகிறவரைக்கும் தேய்த்துக் கழுவச் சொன்னார். சாயங்காலமாகிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துப்பாக்கிக்குச் சமையல் எண்ணெய் கிடையாது, தையல் மெஷின் எண்ணெய்தான். லீவரை ஆட்டி முடித்ததும் திறந்தபடியே வைத்து, அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் யாரும் மூடுவதும் இல்லை. இன்னொரு சில்லறை விஷயம்: பூஜையில் சந்தனப் பொட்டைக் கட்டையின் மேல் வையுங்கள், இரும்பில் வேண்டாம். ஈரச் சந்தனம் ஒரே ராத்திரியில் பொட்டு வடிவத்திலேயே துருவை எழுதிவிடும். எங்கள் 92-ன் நெற்றியில் அப்படி மூன்று இருக்கிறது.

உங்கள் துப்பாக்கிக் குழலுக்குள் பொடிக்குழி இருந்தால் வியப்படையாதீர்கள். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் அடியில், குதிரை தட்டினால் தீப்பிடிக்கிற கேப்பில் இருந்த ரசாயனம் சுட்ட பிறகு உப்பாகப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டு உப்பு கரையாது, கொதிநீர் ஊற்றினால்தான் கரையும். ஐயா புனலை வைத்து வெந்நீர் ஊற்றுவாராம். ஐயா 1969-ல் காலமான பிறகு எங்களுக்கு அது தெரியாமல் எண்ணெயை மட்டும் போட்டு வந்தோம்.

இரண்டாவது, அப்பச்சி 1966-ல் சென்னையில் வாங்கிய மார்லின் 39-ஏ. பாயின்ட் டுவென்டிடூ என்கிற சின்னத் தோட்டா அளவு. இதைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வலப்பக்கம் ஒரு பெரிய திருகு இருக்கும், அதை ஒரு ரூபாய்க் காசால் திருகினால் துப்பாக்கி இரண்டாகப் பிரியும். பின்பக்கத்திலிருந்தே குழலைச் சுத்தம் பண்ணலாம், 92-ல் முடியாத காரியம். காலிக் கூடு மேலே எகிறாமல் பக்கவாட்டில் விழும், அதனால் தலைமேல் டெலஸ்கோப் பொருத்தலாம். ஷார்ட், லாங், லாங் ரைபிள் என்று அந்த அளவில் வருகிற மூன்று நீளத் தோட்டாக்களையும் கலந்து போட்டாலும் தின்னும். லாங் ரைபிள் பத்தொன்பது பிடிக்கும். சற்றுக் கனம்தான், ஆனால் குறி பார்க்கும்போது அந்தக் கனம் கையை அடக்கிவைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அதன் தோட்டாவை இந்திய ஆர்டினன்ஸ் (படைக்கலத்) தொழிற்சாலையே செய்கிறது. கடைக்குப் போனால் கிடைக்கும். இந்த வாக்கியத்தின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அப்பச்சி அதை வைத்து முயல் அடிப்பார் என்று ஊரில் பேர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு முந்தின கதை. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம் என்று மிச்சமிருந்ததும் 1991 திருத்தத்தோடு முடிந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள். 1977-ல் அரசாங்கம் வேட்டங்குடி சரணாலயம் என்று அறிவித்தது, ஜனங்கள் அதற்கு முன்னாலேயே காத்துவந்தார்கள். அந்த மண்ணில் துப்பாக்கி வைத்திருக்கிறவன் எங்கே சுடுவது என்றால், குறி பார்த்துச் சுடப் பழகும் ரேஞ்சில்தான். நான் மாதம் ஒரு ஞாயிறு மதுரைக்குப் பஸ் ஏறுவேன்.

ரேஞ்சுக்காக 1988-ல் ஒரு பி.எஸ்.ஏ. மார்ட்டினி வாங்கினேன். அதற்கும் கீழே லீவர் உண்டு, ஆனால் அது லீவர் ஆக்‌ஷன் ரிப்பீட்டர் இல்லை, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றாது. லீவரை இறக்கினால் உள்ளே ஒரு கட்டை சாயும், கையால் ஒரு தோட்டா போட்டு மூட வேண்டும். காகிதத்தில் ஓட்டை போடுவதில் மார்லினை விட எத்தனையோ மேல். ஆனால் மனசு ஒட்டவில்லை. 2003-ல் இன்னொரு ஷூட்டருக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்ததற்குக் காரணம் சாவேஜ் 99. வால்பாறையில் எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருந்தார். அந்த நாளில் ஒருவர் மூன்று துப்பாக்கிதான் வைக்கலாம், என்னிடம் ஏற்கெனவே மூன்று. மார்ட்டினி போனால்தான் இது வரும். 2004-ல் வந்தது.

லீவர் துப்பாக்கிகளில் புத்தியால் செய்யப்பட்டது எது என்று என்னைக் கேட்டால் 99-ஐத்தான் காட்டுவேன். வின்செஸ்டருக்கும் மார்லினுக்கும் அடிக்குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னதன் மூக்கு முன்னதன் கேப்பில் முட்டிக்கொண்டிருக்கும். கூர்மூக்குக் குண்டு போட்டால், சுடும் அதிர்ச்சியில் அதுவே முன் தோட்டாவின் கேப்பைக் குத்தி வெடிக்க வைக்கலாம். அதனால்தான் அடிக்குழாயில் போடும் பெரிய தோட்டாக்களுக்கெல்லாம் மொட்டை மூக்கு. ஆர்தர் சாவேஜ் குழாயையே எடுத்துவிட்டார். உடலுக்குள் ஒரு ராட்டினம் வைத்தார். தோட்டாக்கள் அதில் ஒன்றையொன்று தொடாமல் சுற்றி உட்காரும். கூர்மூக்குக் குண்டு தாராளமாகப் போடலாம், தூரத்துக்குப் போகும். வெளியே குதிரை கிடையாது, கட்டைவிரல் வழுக்குகிற பேச்சும் கிடையாது. இடது பக்கம் ஒரு சின்னச் சாளரத்தில் உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்று எண் தெரியும். முதல் தடவை அந்த எண் நகர்வதைப் பார்த்தபோது எனக்குத் தூண்தான் ஞாபகம் வந்தது. 1978-ல் என் கையில் இது இருந்திருந்தால் அது '1' என்று காட்டியிருக்கும்.

ஆனால் அது முந்நூறு சாவேஜ் தோட்டா. துப்பாக்கியோடு முப்பத்தேழு தோட்டா வந்தது. முப்பத்தெட்டாவதை நான் பார்க்கவே இல்லை. எண்பதுகளின் நடுவில் துப்பாக்கி இறக்குமதிக்குத் தடை வந்ததிலிருந்து இந்த மாதிரி அபூர்வ அளவுகளுக்குத் தோட்டா வருவது அருகிப்போயிற்று. காலிக் கூட்டை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிற அமெரிக்க வழக்கம் இங்கே உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். ஆகவே வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் சுடுவேன். ரேஞ்சில் எல்லோரும் சிரிப்பார்கள்: "அண்ணே, இன்னைக்கு ரெண்டாவதைச் சுடப் போறாரு, எல்லாரும் எந்திரிங்க." 92-க்கு வாங்கி வைத்திருந்த தோட்டாக்களோ அப்பச்சி இருக்கும்போதே தீர்ந்துவிட்டன.

லைசென்ஸ் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தச் சீமைக்கு ஆயுதத்தைப் பறிகொடுப்பது புதிதல்ல. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, எறிந்து தாக்குகிற வளரி முதற்கொண்டு வீட்டு ஆயுதங்களைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. இப்போது ஒவ்வொரு தேர்தலுக்கும் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொல்கிறார்கள், வாக்கு எண்ணி முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு தேர்தலுக்கு ஒரு காவல் நிலையத்தில் வைத்த மார்லின், சாக்குச் சுற்றி மழைச் சாரல் படுகிற சுவரோரம் நின்று, திரும்பி வரும்போது முன்குறி வளைந்தும் குழல் செம்மண் நிறத்திலும் இருந்தது. ரசீதில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறையைப் பிரித்தேன். என் முட்டாள்தனம். அதன் பிறகு லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடம் வாடகை கொடுத்து வைக்கிறேன்.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத் திருத்தம் வந்தது. லைசென்ஸ் காலம் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீண்டது, மூன்று துப்பாக்கி இரண்டாகச் சுருங்கியது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். தேசிய அளவில் சுடும் வீரர்களுக்கு விலக்கு உண்டு. மாதம் ஒரு ஞாயிறு மதுரைக்குப் பஸ் ஏறுகிறவனுக்கு அது பொருந்தாது.

மார்லினை விடமுடியாது, அது ஒன்றுதான் தோட்டா கிடைக்கிற துப்பாக்கி. மிச்சம் 92-ம் 99-ம். 99-க்கு ஒன்பது தோட்டா பாக்கி, குழல் கண்ணாடி. 92-க்குத் தோட்டா பூஜ்யம், குழலில் பொடிக்குழி, நெற்றியில் மூன்று சந்தனப் பொட்டு. அண்ணன் மகனுக்கு லைசென்ஸ் இருந்தால் அவன் பேரில் மாற்றியிருக்கலாம். அவன் சிங்கப்பூரில். வீட்டில் ஆச்சி, என் மனைவி, ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "தூணை என்ன பண்றதாம்?" 99-ஐ ஒன்பது தோட்டாவோடு வியாபாரியிடம் ஒப்படைத்தேன். சுடுகிற துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுச் சுடாததை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது அது தப்பு என்று தோன்றுகிறது, ரேஞ்சிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துப்பாக்கியோடு பழைய லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று பெட்டகத்தை முழுசாகத் தேடுங்கள். கணக்குக் கட்டுகளுக்குள் இருக்கும். பழசாகிவிட்டது, லைசென்ஸ் தேவையில்லை என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். ஆயுதச் சட்டம் 45-ஆவது பிரிவு விலக்குத் தருவது, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். 92-ஐ ஒரு நல்ல ஃபிட்டர் அரை நாளில் சுட வைத்துவிடுவார். உங்கள் பேரில் லைசென்ஸ் இல்லாமல் அது வீட்டில் இருப்பதே குற்றம் என்பதால், வக்கீல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உடனே எழுத்தில் தெரிவித்து, 21-ஆவது பிரிவின்படி காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். நிலையம் என்றால் உறையைப் பிரித்து, நிலையைப் பார்த்து எழுதி வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் லைசென்ஸுக்கு அதன் பிறகு விண்ணப்பிக்கலாம். அப்பச்சி 1996-ல் காலமான பிறகு எனக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

லீவரை வியாபாரி திறக்கட்டும், அடிக்குழாயை அவரே கழற்றிப் பார்க்கட்டும். உங்கள் வீட்டிலும் நல்லெண்ணெய்தான் போட்டிருப்பார்கள்.

விலை கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் இதற்கு நல்ல விலை என்று யூடியூபில் பார்த்திருப்பீர்கள். இங்கே லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்க முடியும், அவருக்கும் இரண்டு துப்பாக்கிதான் வரம்பு, அந்த இரண்டில் ஒன்றைத் தோட்டா கிடைக்காத துப்பாக்கிக்கு ஒதுக்க எத்தனை பேர் முன்வருவார்கள்? என் 92-க்கு ஒருவர் கேட்ட விலை, அதை வைத்திருக்கிற தேக்குப் பெட்டிக்குப் பழம்பொருள் கடையில் சொன்ன விலையை விடக் குறைவு.